எள்ளலும் எடையும்: உணவுக் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்த நகைச்சுவைத் துப்பறியும் நாவல்கள்

உடல் எடையைக் குறைக்க முயன்ற ஒருவர் தம் அனுபவத்தை எழுதப் புகுந்தால், அது நாட்குறிப்பாகவோ அறிவுரை நூலாகவோ முடிவதே வழக்கம். அவ்வனுபவம் ஒரு கொலைக் கதையாக, அதிலும் வாசகரைச் சிரிக்க வைக்கும் கொலைக் கதையாக உருமாறுவது வியப்புக்குரியது. எனினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் மேலை மொழிகளில் இத்தகைய நாவல்கள் ஒரு தனிக் கிளை எனத்தக்க அளவுக்கு வளர்ந்துள்ளன. பத்தியத்தால் பசித்திருக்கும் துப்பறிவாளர், எடையைக் காரணம் காட்டி வேலை பறிக்கப்பட்ட துப்பறிவாளர், உடையின் அளவெண்ணைச் சொல்லத் தயங்கும் துப்பறிவாளர் என இவர்களின் வரிசை நீள்கிறது. இவற்றைப் பொழுதுபோக்கு நூல்கள் என்று ஒதுக்குவது எளிது. நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. இவற்றில் எழும் சிரிப்பு யாரை நோக்கிய சிரிப்பு என்னும் வினா இலக்கியத்துக்கு வெளியேயும் நம்மைத் தொடர்கிறது. பருமனான ஒரு மாணவர் விடை சொல்ல எழும்போது வகுப்பின் பின்வரிசையில் கிளம்பும் சிரிப்பைக் கேளாத ஆசிரியர் நம்மில் இருக்க முடியாது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது எள்ளல். இதற்கு உரை வகுத்த பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்துக் காட்டுவார். ஒருவன் பிறரை இகழ்ந்து நகுவது ஒன்று. பிறரால் தான் இகழப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. முதல் வகை எளிதில் விளங்குவது. உலகின் பெரும்பாலான மலிவான நகைச்சுவை அதுவே. இரண்டாம் வகைதான் சிக்கலுடையது. இகழப்பட்டவன் ஏன் நகுகிறான்? நாணத்தை மறைக்கவா, இகழ்ந்தவனைப் பொருட்படுத்தவில்லை எனக் காட்டவா, அல்லது இகழ்ச்சிக்கு அடிப்படையான அளவுகோலே நகைப்புக்குரியது எனக் கண்டுகொண்டதாலா? நம் ஆய்வுக்குரிய நாவல்களின் தரம், இம்மூன்றில் எதை அவை தேர்ந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது நம் கருத்து.

பருமனான துப்பறிவாளர் புதியவர் அல்லர். அமெரிக்க எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட் 1934இல் அறிமுகப்படுத்திய நீரோ உல்ஃப் வீட்டை விட்டு எளிதில் வெளியேறாதவர். ஏழில் ஒரு டன் எடையுள்ளவர். உணவும் ஆர்க்கிட் மலர்களும் அவருக்கு வழிபாட்டுப் பொருள்கள். அவருடைய பருமன் அவருக்கு ஒரு சிம்மாசனம். 1950இல் வெளிவந்த 'இன் த பெஸ்ட் ஃபேமிலிஸ்' நாவலில் பெரும் குற்றவாளி ஒருவனை வீழ்த்த அவர் மாதக்கணக்கில் மறைந்து, உடல் மெலிந்து, தாடி வளர்த்துத் திரும்புகிறார். உடன் வாழ்ந்த உதவியாளர் ஆர்ச்சி குட்வினுக்கே முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை. மெலிவு இங்கு நலமன்று, மாறுவேடம். ஆயினும் ஸ்டவுட் ஒல்லியான மனிதர். உல்ஃபின் எடை அவர் சுமந்த எடையன்று. ஆதலால் அந்நாவலில் பசியின் வேதனை இல்லை.

போட்ஸ்வானாவைக் களமாகக் கொண்டு அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதும் வரிசையிலும் இதையே காண்கிறோம். அதன் நாயகி மா ரமோட்ஸ்வே தம்மை மரபுவழி உடல்வாகு உடையவர் என்று பெருமிதத்துடன் சொல்லிக்கொள்பவர். 2006இல் வெளிவந்த 'புளூ ஷூஸ் அண்ட் ஹேப்பினஸ்' நாவலில் அவரும் பத்தியம் தொடங்கிப் பார்க்கிறார்; அது நெடுநாள் நிலைக்கவில்லை. படிக்க இனியதாயினும், வெளியிலிருந்து நோக்கும் ஒருவரின் கனிவே அப்பகுதியில் உள்ளது.

இகழப்பட்டவரே பேசத் தொடங்கும் மாற்றம் 1990களில் அமெரிக்கப் பெண் துப்பறிவாளர் வழியாக வலுப்பெறுகிறது. ஜி. ஏ. மெக்கெவெட் என்னும் புனைபெயரில் வெளிவந்த 'ஜஸ்ட் டெசர்ட்ஸ்' (1995) நாவலில் சவானா ரீட் என்னும் காவல்துறைத் துப்பறிவாளர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். வெளியில் சொல்லப்படும் காரணம் உடல் எடை. உண்மைக் காரணம் வேறு என்பதை வாசகர் அறிவர். எடை என்பது அலுவலகம் கையில் வைத்திருக்கும் ஒரு சாக்கு என்னும் அரிய செய்தி இங்கே கதைக்கருவாகவே அமைந்துவிட்டது. ஆனால் இது படர்க்கைக் கூற்றில் சொல்லப்படும் கதை. எனவே கதைசொல்லி நாயகியின் உடலைப் புகழ்ந்து வாதாட வேண்டியிருக்கிறது. வாதாடும் இடத்தில் சிரிப்பு குறைந்துபோகிறது.

மெக் கேபட் 2000களின் நடுவில் தொடங்கிய ஹெதர் வெல்ஸ் வரிசை தன்மைக் கூற்றில் அமைந்தது. 'சைஸ் 12 இஸ் நாட் ஃபேட்' என்னும் முதல் நாவலின் தலைப்பே ஒரு தற்காப்பு வாக்குமூலம் போல் ஒலிக்கிறது. ஹெதர் ஒரு காலத்தில் புகழ்பெற்ற பாடகி. இப்போது எடை கூடி, வாய்ப்பிழந்து, நியூயார்க்கில் ஒரு கல்லூரி விடுதியின் உதவி நிர்வாகி. கேபட்டும் எழுத்தாளராவதற்கு முன் நியூயார்க் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் ஏறத்தாழ அத்தகைய பணியில் இருந்தவர். விடுதியின் மின்தூக்கிக் குழியில் மாணவியர் இறந்து கிடக்கிறார்கள். மின்தூக்கியின் கூரைமேல் ஏறி விளையாடியதால் நேர்ந்த விபத்து என்று நிர்வாகம் முடிவுகட்டுகிறது. இளம்பெண்கள் அவ்விளையாட்டை விளையாடுவதில்லை என்று ஹெதர் மட்டும் ஐயுறுகிறார். எவரும் பொருட்படுத்தாத ஒரு பெண்ணுக்கு, எவரும் பொருட்படுத்தாத பெண்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது. துப்பு அங்கிருந்தே கிடைக்கிறது. தம் உடையளவு அமெரிக்கப் பெண்களின் சராசரி அளவே என்று அவர் மீண்டும் மீண்டும் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். வாதம் தவறு என்பதற்காக நாம் சிரிப்பதில்லை. பிணத்துக்கு அருகில் நின்றுகொண்டும் அவ்வாதத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதே சிரிப்புக்குக் காரணம். பேராசிரியர் சொன்ன இரண்டாம் எள்ளல் இதுவே. எனினும் இவ்வரிசையின் பிந்திய நூல்களில் இவ்வுத்தி பழகிப்போன வாய்பாடாகத் தேய்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தம் பசியை நகைச்சுவைத் துப்பறியும் நாவலாக மாற்றியவர்களுள் நாம் முதலிடம் தருவது ஸ்பானிய எழுத்தாளர் மனுவேல் வாஸ்கெஸ் மோந்தல்பானுக்கு. 1986இல் வெளிவந்த அவருடைய 'எல் பல்னியாரியோ', பெப்பே கர்வாலோ என்னும் துப்பறிவாளரைக் கொண்ட வரிசையைச் சேர்ந்தது. கர்வாலோ பார்சலோனாவில் வாழ்பவர், தேர்ந்த சமையல்காரர், குளிர்காயத் தம் நூலகத்து நூல்களை ஒவ்வொன்றாக எரிப்பவர். மோந்தல்பானும் உணவில் பெருவிருப்பம் உடையவர். சமையலைப் பற்றித் தனி நூல்களே எழுதியவர். அவரே எடையைக் குறைக்கத் தென் ஸ்பெயினின் மார்பேயாவிலுள்ள புக்கிங்கர் விரத மருத்துவ இல்லத்துக்குச் சென்று தங்கினார். அவ்வனுபவமே நாவலாயிற்று. ஒட்டோ புக்கிங்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1919இல் தம் மூட்டு நோய்க்கு உண்ணாநோன்பால் தீர்வு கண்டு, பின் அதை ஒரு மருத்துவ முறையாக வகுத்தவர். காய்கறிச் சாறு, பழச்சாறு, நீர், சிறிது தேன் ஆகியவற்றோடு நாளைக்குச் சுமார் 250 கலோரி மட்டுமே உடலுக்குள் செல்லும். இதற்கு நோயாளி கணிசமான பணமும் கட்ட வேண்டும்.

நாவலில் அவ்வில்லம் ஃபேபர் அண்ட் ஃபேபர் என்னும் பெயர் பெறுகிறது. அது லண்டனின் புகழ்பெற்ற பதிப்பகத்தின் பெயரும்கூட. நூல்களை எரிக்கும் மனிதரைப் பட்டினி கிடக்க அங்கே அனுப்பிவைத்த குறும்பு நம்மை நெடுநேரம் சிரிக்க வைத்தது.

ஆங்கிலத் துப்பறியும் நாவலின் பொற்காலத்தில் கதையின் கடிகாரமாக இருந்தது உணவு வேளை. மாளிகையில் மணி ஒலிக்கும். ஐயத்துக்குரியோர் அனைவரும் மேசைக்கு வருவர். வராத ஒருவர் மாடியில் இறந்து கிடப்பார். நஞ்சும் காப்பியிலோ பாலிலோதான் கலந்து வரும். மோந்தல்பான் அந்த மேசையையே எடுத்துவிடுகிறார். சாறு அருந்தும் நேரம், எடை பார்க்கும் நேரம், குடல் கழுவும் நேரம் என நாள் வேறுவிதமாகப் பகுக்கப்படுகிறது. அடைபட்ட இடத்தில் நிகழும் கொலை என்னும் பழைய சட்டகம் அப்படியே இருக்கிறது. ஆனால் இங்கே மனிதர்கள் பணம் கட்டித் தாமே அடைபட்டவர்கள். திருமதி சிம்சன் என்னும் முதிய அமெரிக்கப் பெண்மணியின் சாவில் தொடங்கிக் கொலைகள் தொடரும்போதும், தங்கியிருப்போர் பலருக்குத் தம் விரதமுறை கலைந்துவிடுமோ என்னும் கவலையே பெரிதாக இருக்கிறது. அளவுகோல் பிறழ்ந்த இந்நிலையே நகைச்சுவையின் ஊற்று. சில கிலோ எடைக்காகத் தம்மைக் குற்றவாளிகளாக எண்ணித் தண்டித்துக்கொள்வோர் நடுவில், உண்மையான குற்றம் ஒருவரையும் உறுத்தாமல் உலவுகிறது.

ஆங்கிலத்தில் பத்தியத்தைப் பற்றிப் பேசும் சொற்கள் குற்றவியலிலிருந்து வந்தவை. அளவு மீறி உண்டவர் ஏமாற்றினார் எனப்படுவார், உண்டபின் குற்ற உணர்வு கொள்வார், பின்னர் ஒப்புக்கொள்வார். தமிழில் பத்தியம் மருந்தோடு சேர்ந்தது. நாம் வாயைக் கட்டுகிறோம், சில நாள் கட்ட இயலாமற்போகிறது; அது நாவின் குறும்பு என்று சிரித்துக்கொள்கிறோம். திருக்குறளில் உணவின் அளவு பேசப்படுவதும் 'மருந்து' அதிகாரத்திலேயே. பத்தியமும் பாவமும் பிணைந்த பண்பாட்டில்தான் எடைக் கருவி நீதிபதியாகிறது. அந்த நீதிபதிக்கு அருகில் உண்மையான கொலையை நிறுத்திவைத்தால் நீதிமன்றமே கேலிக்கூத்தாகிறது. பத்தியமும் துப்பறியும் கதையும் இத்துணை எளிதாகப் பொருந்தியதன் காரணம் இதுவே எனலாம். நம் மொழியில் தேவனின் 'துப்பறியும் சாம்பு' போன்ற சிறந்த நகைச்சுவைத் துப்பறியும் படைப்புத் தோன்றியும், அதன் நகை பேதைமையிலிருந்து பிறந்ததேயன்றி உடலைப் பற்றிய குற்ற உணர்விலிருந்து பிறந்ததன்று.

மோந்தல்பானின் பசிக்கு மற்றொரு பின்புலமும் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்த 1939இல், பார்சலோனாவின் ஏழைக் குடியிருப்பில், தோற்ற தரப்பில் பிறந்தவர் அவர். ஸ்பெயினில் உணவுப் பங்கீட்டு முறை 1952 வரை நீடித்தது. தாமும் இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டு 1962இல் சிறை சென்றார். பிள்ளைப் பருவத்தில் வறுமையால் அறிந்த பசியை நடுவயதில் விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை அவருக்கு வந்தது. நாவல் வெளிவந்த 1986ஆம் ஆண்டின் முதல் நாளில்தான் ஸ்பெயின் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. வடக்கத்திய ஐரோப்பியர் ஒருபுறம், ஸ்பானியர் மறுபுறம் எனப் பிரிந்து ஒரே சாற்றைப் பருகும் அவ்வில்லம் அந்த ஐரோப்பாவின் சிறுவடிவம் என்பதில் ஐயமில்லை. கொலைகளின் வேர் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குச் செல்வதும் தற்செயலன்று. நச்சை வெளியேற்றித் தூய்மை அடைவதாக விளம்பரம் செய்யும் இடத்தின் அடியில், வெளியேற்றப்படாத வரலாறு புதைந்திருக்கிறது. ஆசிரியர் தம் தொப்பையைப் பார்த்துத் தொடங்கிய சிரிப்பு ஒரு கண்டத்தைப் பார்த்த சிரிப்பாக விரிவதை இவ்விடத்தில் காண்கிறோம்.

மோந்தல்பான் பத்தியத்தைப் பழிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அவருக்கு இதய நோய் இருந்தது. 2003 அக்டோபரில் பாங்காக் விமான நிலையத்தில் மாரடைப்பால் காலமானார். உடலைப் பேண வேண்டிய தேவை அவருக்கு விளையாட்டன்று. நீரிழிவு இல்லந்தோறும் புகுந்துவிட்ட நம் சமூகத்திலும் அது விளையாட்டன்று. அவர் சிரித்தது, உடல்நலத் தேவையை ஒழுக்கத் தீர்ப்பாக மாற்றிய ஏற்பாட்டைப் பார்த்து.

குறைகளும் இல்லாமலில்லை. நாவலின் இறுதிப் பகுதியில் சடலங்கள் மிகுந்து, காரணங்களை விளக்கும் சுமை கதையை அழுத்துகிறது. அதைவிடப் பெரிய குறை, கர்வாலோ பெண்களை நோக்கும் முறை. தம் உடலைப் பற்றி இத்துணை நயமாகச் சிரிக்கத் தெரிந்தவர், அவ்வில்லத்துப் பெண்களை நோக்கும்போது பேராசிரியர் சொன்ன முதல்வகை எள்ளலுக்குத் திரும்பிவிடுகிறார். அவர்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள், யார் சொல்லி வந்தார்கள், வீடு திரும்பியதும் யார் அவர்களை அளந்து பார்ப்பார்கள் என்று அந்தத் துப்பறிவாளர் ஒருமுறையேனும் விசாரிப்பதில்லை. கேபட்டின் எளிய நாவலை மோந்தல்பானின் அரிய நாவலுக்கு அருகில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனால்தான். அந்த விரத இல்லத்துக்கு ஹெதர் வெல்ஸ் சென்றிருந்தால், முதல் நாள் எடை பார்க்கும் வரிசையிலேயே அக்கேள்விகளைப் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டிருப்பார்.