மெழுகு விரிசலில் ஓடும் சாயம்

கைலி நெய்யும் எங்கள் குடியாத்தத்துக்காரர்களுக்குச் சாய வாசனை புதிதல்ல. அதனாலோ என்னவோ, ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்றதும் என் மனம் அங்குள்ள ஓவியங்களைவிட முதலில், மெழுகால் தடுத்துச் சாயமேற்றும் பாத்திக் துணிகளைத்தான் தேடுகிறது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கூட்டாக உருவாக்கிய கிராமம் அது. நவீன ஓவியத்தை வாங்க ஆளில்லாத நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டவற்றில் இந்தத் துணிகளும் உண்டு.

பாத்திக்கில் எல்லாமே சூட்டின் பக்குவம். உருக்கிய மெழுகு சற்று ஆறினாலும் துணியின் மேலோடு நின்றுவிடும். கொதி ஏறினால் கோடு பரவிவிடும். பதமாக இருந்தால் துணி அதை அப்படியே குடித்துக்கொள்ளும். சாயமோ ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு இளகிவிடும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் நடுவே உலரும்வரை காத்திருப்பு. எனக்கு மிகவும் பிடித்தது மெழுகேறிய துணியைக் கையால் கசக்கும் நேரம். மொறுமொறுவென்று சின்னதாக ஒரு சத்தம். அந்த விரிசல்களில் சாயம் இறங்கி, இலை நரம்புபோல மெல்லிய கோடுகள் விழும். எங்கே விழும் என்பது பழகிய கைக்குப் பாதி தெரியும். மீதி துணியின் விருப்பம். கடைசியில் வெந்நீரில் மெழுகைக் கழற்றும்போதுதான் முழுப் படமும் தெரியும். ஓவியம் தீட்டும் அதே கை, விற்பனைக்கான துணிதானே என்று இந்த வேலையில் அவசரப்படுவதில்லை. நல்ல பாத்திக்கைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்திலும் நிறம் அப்படியே ஏறியிருக்கும்.