கேள்வி கேட்ட பூனை

புரியாததைப் போற்றச் சொல்வதும், ‘ஏன்?’ என்னும் பிஞ்சு வாயை அடைப்பதும் கல்வியாகா. ஆகவே, மார்க் ரெய்ப்ஸ்டீன் எழுத, எட் யங் படம் தீட்ட, 2008-இல் வெளிவந்த ‘வாபி சாபி’ என்னும் குழந்தை நூலை ஐயத்தோடுதான் புரட்டினோம்.

ஜப்பானின் கியோட்டோ நகரத்துப் பூனையின் பெயர் வாபி சாபி. எளிமையிலும் குறையிலும் அழகு காணும் நெறிக்கு அங்கே அப்பெயர். பொருள் என்ன? விளக்குவது அரிதெனக் கைவிரிக்கிறார் வளர்ப்பவர். பூனை அடங்கவில்லை! ஹியேய் மலையேறுகிறது, கின்காகுஜி கோயிலைக் காண்கிறது, பொருளைத் தானே உணர்கிறது. கதையோடு கைகோத்து வருகின்றன ஹைக்கூப் பாக்கள். ஜப்பானிய மரபில் 5, 7, 5 என 17 அசைகள்; காட்சியை மட்டும் வைக்கும், கருத்தைப் படிப்போரே தேடவேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்ற பயிற்சி, பாராட்டுகிறோம்.

ஆனால் அந்தக் கோயில், ஷோகன் பதவி துறந்த அஷிகாகா யோஷிமாசா 1482-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. அவனுக்குத் தோட்டங்கள் அமைத்தோர், தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட கவாரமோனோ மக்கள். புகழ்பெற்ற ஜென்அமி அவர்களுள் ஒருவர். அழகைக் காட்டும் நூல் அந்தக் கைகளைக் காட்டவில்லை. கற்பிக்கும் நாம் காட்டுவோம்! “கல் சுமந்தவர் யார்?” என்று பிள்ளைகள் கேட்கட்டும்!