பெரியப்பா கைக்கு ஒரு கேமரா

மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை பெரியப்பாவுடையது. பேரன் வாங்கித் தந்த சீட்டுக்கட்டு அளவுக் கேமரா அதற்குள் காணாமல் போனது. ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று அழுந்தும். எடுத்த படங்களில் பாதியில் அவர் விரல்தான்.

கடைசியில் பொருந்தியது 2007-இல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். பழசுதான், 7.1 மெகாபிக்சல்தான். ஆனால் வலப்பக்கம் புடைத்திருக்கும். உள்ளே சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் அதே பேட்டரி இரண்டு. அந்தப் புடைப்பைத்தான் விரல்கள் கவ்விக்கொள்கின்றன. ஒல்லிக் கேமராக்கள் அழகுக்காகத் தொலைத்தது இதைத்தான் என்பேன். மேலே திருகு வட்டம். ‘ஆட்டோ’வில் வைத்துவிட்டால் வேறு வேலையில்லை. கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்சிலேயே ஏற்பாடு உண்டு. வெயிலில் திரை மங்கினால் கண்ணை வைத்துப் பார்க்கச் சின்ன ஜன்னல். அதில் தெரிவதைவிடப் படத்தில் கொஞ்சம் கூடுதலாக விழும். பெரியப்பா அதை லாபக் கணக்கில் எழுதிவிட்டார்.

இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். வாங்குமுன், பயன்படுத்தப்போகிறவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். சாதா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். சார்ஜ் ஏற்றும் பேட்டரி நான்கு சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.