குப்பிக்குள் ஒரு குண்டு

மாடல் விமானத்துக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட் குப்பியைக் குலுக்கும்போது உள்ளே ‘கிடுகிடு’ என்று ஒரு சத்தம் வரவேண்டும். அடியில் கெட்டியாகப் படிந்த நிறமியை உள்ளே போட்ட சிறு குண்டுதான் கிளறிவிடுகிறது. முதலில் சத்தம் மந்தமாக இருக்கும். படிவு கலையக் கலையத் தெளியும். அந்த மாற்றத்தைக் காதால் கேட்பதே ஒரு சுகம்.

எந்தக் குண்டைப் போடுவது? சைக்கிள் கடை பால்ரஸ் கூடாது. தண்ணீர் கலந்த பெயின்டில் அது துருப்பிடித்து வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். ஈயக் குண்டு நஞ்சு, தொடவே வேண்டாம். கண்ணாடி மணி நிறத்தைக் கெடுக்காது; ஆனால் எடை போதாது. நான் போடுவது 316 ரக ஸ்டெயின்லெஸ் குண்டு, குப்பிக்கு இரண்டு.

316 என்ற அந்த எண் எங்கள் திருப்பூருக்குப் புதிதல்ல. பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பைக் கொட்டுகிறோம். உப்புத் தண்ணீர் சாதாரண இரும்பை அரித்துவிடும். அதனால்தான் சாயப்பட்டறையில் துணியைப் புரட்டிச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களைப் பெரும்பாலும் 316-இல் செய்கிறார்கள். அதில் சேர்ந்திருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. நூற்றுக்கணக்கான கிலோ துணி புரளும் அந்த மெஷினின் தொட்டியும், என் குப்பிக்குள் உருளும் 5 மில்லிமீட்டர் குண்டும் ஒரே உலோகம்.