டான்யூப் கரையில் ஒரு கனசதுரம்

பேரரசு ஒன்றைக் கட்டியெழுப்பும் வியூக விளையாட்டை வடிவமைப்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு நகரம் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, கருவூலம் நிறைகிறது, வரைபடம் முழுக்க நமது நிறம் பரவுகிறது. ஆடுகிறவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் கையில் ஏதோ கூடுகிறது. பேரரசின் வீழ்ச்சியை விளையாட்டாக்குவதுதான் சிக்கல். கையிலிருப்பது குறைந்துகொண்டே போகும் ஓர் ஆட்டத்தை யார் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து ஆடுவார்கள்?

அதையும் ஆட வைத்திருக்கிறார்கள். மேற்கு ரோமப் பேரரசின் முடிவைக் களமாகக் கொண்ட மூன்று ஆட்டங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கணினியில் ஆடுபவை, ஒன்று மேசையில். நம் வீட்டுப் பிள்ளைகள் இவற்றை ஆடித்தான் ரோமைத் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் வரலாற்று நூல்களை வாசிக்கிற அதே கவனத்தோடு இவற்றையும் வாசிக்கவேண்டும் என்பது என் கட்சி. ஒரு சினாரியோவின் விதிகள் வரலாறு குறித்த வாதங்களே. நூலாசிரியர் 'ஒருவேளை', 'ஓரளவுக்கு' என்று நழுவலாம். விதி எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. வரி எவ்வளவு குறையும், எந்தச் சுற்றில் குறையும் என்று அவர் எண்ணாகச் சொல்லியாகவேண்டும்.

ரோமின் வீழ்ச்சிக்கு அதுவரை சொல்லப்பட்ட காரணங்களை ஜெர்மானிய வரலாற்றாசிரியர் அலெக்சாண்டர் டெமான்ட் 1984இல் தொகுத்தபோது 210 தேறின. ஈய நஞ்சும் அதில் உண்டு, கிறிஸ்தவமும் உண்டு. ஒரு சினாரியோ தாங்குவது ஐந்தோ ஆறோ. மிச்சம் இருநூறையும் எறிந்துவிட்டு எதை வைத்துக்கொள்கிறார் என்பதில் வடிவமைப்பாளரின் அரசியல் வெளிப்பட்டுவிடும்.

முதலாவது, 'சிவிலைசேஷன் 5' விளையாட்டுக்கு 2012இல் வந்த 'கோட்ஸ் அண்ட் கிங்ஸ்' விரிவாக்கத்தில் உள்ள ரோம வீழ்ச்சிச் சினாரியோ. மூல விளையாட்டில் பண்பாட்டுப் புள்ளிகள் சேரச் சேர ஒரு சமூகக் கொள்கையைத் தெரிவுசெய்யலாம். ஒவ்வொன்றும் ஒரு நன்மை. இந்தச் சினாரியோவில் இரண்டு ரோமப் பேரரசுகளுக்கும் அந்தக் கொள்கைகள் எல்லாமே தீமைகள். புள்ளிகள் சேரும், எந்தத் தீமையை ஏற்கிறாய் என்று ஆட்டம் கேட்கும். ஒரேயொரு விதியைத் தலைகீழாக்கியதில் முழு ஆட்டத்தின் மனநிலையும் மாறிவிடுகிறது. இந்தச் சிக்கனத்தை நான் மெச்சுகிறேன். வீழ்ச்சி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, ஒரு சமூகத்தின் சொந்த நிறுவனங்களே அதை உற்பத்தி செய்கின்றன என்ற வாதம் இதில் இருக்கிறது.

ஆனால் குறையும் அதே விதியில்தான் இருக்கிறது. நஞ்சு என்று எழுதி ஒட்டிய குப்பியை எடுத்துக் குடிப்பது வேறு, மருந்தென்று நம்பிக் குடிப்பது வேறு. 408இல் மேற்கின் பேரரசர் ஹொனோரியஸ் தன் தலைமைத் தளபதி ஸ்திலிக்கோவைக் கொல்ல அனுமதித்தபோது அது அரண்மனைக்கு நல்ல முடிவாகவே தெரிந்தது. வண்டால் தந்தைக்குப் பிறந்தவன், ஏற்கெனவே அலாரிக்கோடு பேரம் பேசியவன், அவனை நம்புவது எப்படி? அதைத் தொடர்ந்து இத்தாலிய நகரங்களில் இருந்த 'காட்டுமிராண்டி' வீரர்களின் மனைவியரும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். ரோமுக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த அந்த வீரர்கள், சொசிமஸ் தரும் கணக்குப்படி 30,000 பேர், அலாரிக்கின் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில், 410 ஆகஸ்டில், ரோம் நகரம் சூறையாடப்பட்டது. இத்தகைய முடிவை ஆடுகிறவர் தானாகவே, ஆசையோடு எடுக்கும்படி செய்வதுதான் வடிவமைப்பின் வேலை. தீமைகளின் பட்டியலைக் கையில் கொடுத்தால் அந்தச் சபலம் போய்விடுகிறது.

இரண்டாவது, 2015இல் வந்த 'டோட்டல் வோர்: அட்டிலா'. ஆட்டம் 395இல், தியோடோசியஸ் இறந்து பேரரசு இரு மகன்களுக்கும் பிரிந்த ஆண்டில் தொடங்குகிறது. மேற்கு ரோமை எடுப்பவர் வரைபடத்தின் பெரும் பகுதியைப் பெறுகிறார், கூடவே அதைக் காக்கப் போதாத படையையும் காலியான கருவூலத்தையும் பெறுகிறார். ஆண்டுகள் போகப் போகக் குளிர் கூடும், நிலத்தின் விளைச்சல் குறையும், வடக்கே இருக்கும் மக்கள் தெற்கு நோக்கி நகர்வார்கள். காலநிலையும் நோயும் ரோமை எப்படி அரித்தன என்று கைல் ஹார்ப்பர் தன் நூலை வெளியிட்டது 2017இல். ஆட்டம் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டது.

இதில் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் பலர் கண்டுகொண்ட வழி விநோதமானது. தூரத்து மாகாணங்களைத் தாங்களே கைவிட்டு, எதிரிக்கு எதுவும் மிஞ்சாதபடி எரித்துவிட்டு, இத்தாலியையும் ஆபிரிக்காவையும் சுற்றிச் சுருங்கிக்கொள்வது. பிரித்தானியாவை விட்டு வெளியேறும் உத்தரவைக் கூசாமல் கொடுக்கிறார்கள். கைவிடப்படும் நகரத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆட்டம் சொல்வதில்லை. ஆட்டக்காரரும் கேட்பதில்லை. ஆனாலும் ஆபிரிக்காவைப் பற்றிக்கொள்ளச் சொல்லும் அந்த உள்ளுணர்வு சரியானது. 439இல் வண்டால்கள் கார்த்தேஜைப் பிடித்ததும் மேற்கு ரோம் தன் செழிப்பான வரி நிலத்தை இழந்தது. வரி போனால் படை போகும், படை போனால் அடுத்த மாகாணம் போகும், அதோடு இன்னும் கொஞ்சம் வரி போகும். பீட்டர் ஹீதர் 2005இல் எழுதிய நூலின் முக்கிய வாதங்களில் ஒன்று இது. அந்தச் சுழலை ஓர் இளைஞன் நூலில் வாசித்து விளங்குவதைவிட இந்த ஆட்டத்தில் தோற்று விளங்குவது இலகு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதில் விசிகோத்துகளை எடுத்து ஆடலாம். அவர்களுக்கு ஊர் இல்லை, படையோடு சனமும் சேர்ந்தே நகரும். நின்ற இடம்தான் ஊர். மூன்று ஆட்டங்களில் இடம்பெயர்ந்த கூட்டம் ஒன்றின் அன்றாடக் கணக்கை ஆடுகிறவர் கையில் கொடுக்க முயன்றது இது மட்டும்தான். கணக்கு பெரும்பாலும் கொள்ளையில் முடிகிறது என்பது வேறு விடயம்.

மூன்றாவதுதான் என்னை இதை எழுதவைத்தது. மாட் லீகொக் 2008இல் வெளியிட்ட 'பண்டெமிக்' உலகப் புகழ் பெற்ற பலகை விளையாட்டு. நான்கு நோய்கள், நகரம் நகரமாகப் பரவும் வண்ணக் கனசதுரங்கள், அவற்றை ஒன்றுசேர்ந்து தடுக்கும் ஆட்டக்காரர்கள். 2018இல் அவரும் பாவ்லோ மோரியும் சேர்ந்து அதே பொறியை ரோமுக்குக் கொண்டுபோனார்கள். நோய்க் கிருமிகள் இருந்த இடத்தில் இப்போது விசிகோத்துகள், ஒஸ்த்ரோகோத்துகள், வண்டால்கள், ஹூணர்கள், ஆங்கிலோ-சாக்சன்களும் பிராங்குகளும். ஒரு நகரத்தில் ஓர் இனத்தின் மூன்று கனசதுரங்கள் இருக்கையில் நான்காவது வந்தால் அந்த நகரம் சூறையாடப்படும், வீழ்ச்சிக்கான அளவுகோல் ஒரு படி நகரும்.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வயிற்றைப் பிசையும். அகதிகளை வெள்ளம், அலை, தொற்று என்று எழுதும் பத்திரிகைகளை நாற்பது ஆண்டுகளாக வாசித்து வந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கோபத்தோடு பெட்டியை மூடிவிட்டால் ஆட்டத்துக்கு அநியாயம் செய்தவர்களாவோம். கிருமியைப் போல இவர்கள் எங்கும் திடீரென முளைப்பதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு புறப்படும் இடமும் வழித்தடமும் உண்டு. முந்திய ஊரில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த ஊருக்கு வரமுடியாது. வெல்வதற்கு எல்லோரையும் ஒழிக்கவேண்டியதும் இல்லை. உடன்படிக்கை செய்துகொள்ளலாம். செய்த பிறகு அதே கனசதுரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோமப் படையணிகளை வைக்கலாம். நேற்றைய ஊடுருவல்காரன் இன்றைய எல்லைக்காவலன். ரோம் இறுதிக் காலத்தில் உண்மையில் அப்படித்தான் தன் படையை நிரப்பியது. 'பண்டெமிக்' மூல விதியில் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் இடத்தில் இங்கே சமாதானம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு விதியாக இது மிக அழகானது.

பிசகுவது எங்கே என்றால், உடன்படிக்கை ஒரு தரம் எழுதப்பட்டதும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் இரு தரப்பும் அதை மீறுவதில்லை. ரோமை ஆடுகிறவர்கள் வாக்குத் தவறுவதற்கு விதியில் இடமே இல்லை. வரலாற்றில் கதை முழுவதும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

376ஐ எடுங்கள். ஹூணர்களுக்கு அஞ்சி ஓடிவந்த கோத்துகள் டான்யூப் ஆற்றின் வடகரையில் நின்று உள்ளே விடும்படி கேட்கிறார்கள். கிழக்கின் பேரரசர் வாலன்ஸ் அந்தியோக்கியாவில் இருக்கிறார். படைக்கு ஆள் கிடைக்கும், மாகாணங்களிலிருந்து ஆள் திரட்டுவதற்குப் பதில் பொன்னாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஆலோசகர்கள் சொல்ல, சம்மதிக்கிறார். படகிலும் தெப்பத்திலும் குடைந்த மரத்திலும் இரவு பகலாக ஏற்றி இறக்கினார்கள், பலர் ஆற்றோடு போனார்கள் என்று எழுதுகிறார் முன்னாள் படைவீரரான அம்மியானுஸ் மார்செலினுஸ். வருகிறவர்களை எண்ண நியமிக்கப்பட்ட அதிகாரிகள் எண்ண முடியாமல் கைவிட்டார்கள் என்றும் சொல்கிறார். கனசதுரம் அடுக்குகிறவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

பிறகு நடந்தது அகதி முகாம்களின் வரலாறு தெரிந்த எவருக்கும் புதிதல்ல. திரேசிலிருந்த லூப்பிசினுஸ், மாக்சிமுஸ் என்ற இரண்டு அதிகாரிகள் உணவை வைத்து வியாபாரம் செய்தார்கள். நாய்களைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு நாய்க்கு ஓர் அடிமை என்று மாற்றினார்கள். அப்படிக் கொடுக்கப்பட்டவர்களில் தலைவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். கிளர்ச்சி வெடித்தது. 378 ஆகஸ்ட் 9ஆம் தேதி அட்ரியனோப்பிளில் வாலன்ஸ் செத்தார், அவரோடு படையின் மூன்றில் இரண்டு பங்கும் அழிந்தது.

நான் ஒரு சினாரியோ செய்வதென்றால் இந்தக் கரையில் தொடங்குவேன். ஆடுகிறவர் லூப்பிசினுஸ். கையில் தானியம், எதிரே பசித்த கூட்டம். பங்கிட்டுக் கொடுத்தால் புள்ளி இல்லை, விற்றால் உடனே பொன். மேலிடத்துக்கு அனுப்பும் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். கூட்டத்தின் கோபத்துக்கு ஓர் அளவு உண்டு, ஆனால் அது ஆடுகிறவருக்குக் காட்டப்படாது. 'சிவிலைசேஷ'னில் நான் தேடிய சபலம் இங்கே தானாக வரும். மறுபுறம் இருப்பவர் கோத்துகளின் தலைவர் பிரித்திகேர்ன், அவர் கையில் இருப்பது வாரங்களும் வயிறுகளும்.

கோத்துகளில் நம்மைக் கண்டு உருகுவதும் அவ்வளவு சரியில்லை. ஆயுதங்களோடு ஆற்றைக் கடந்தவர்கள் அவர்கள். கிளர்ச்சிக்குப் பின் திரேசின் கிராமங்களை எரித்தார்கள். அந்தக் கிராமத்து உழவனுக்கு லூப்பிசினுஸும் எதிரி, பிரித்திகேர்னும் எதிரி. எந்த ஆட்டத்திலும் அவனுக்குக் காய் இல்லை. வீழ்ச்சி என்பதை எங்கோ நடந்த பிறர் கதையாக நாம் எண்ணிவிடவும் வேண்டாம். 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக் பணயமாகக் கேட்டவற்றில் பொன், வெள்ளி, பட்டுக்கு அப்பால் 3,000 இறாத்தல் மிளகும் இருந்தது. அந்த மிளகு நம் சேர நாட்டுக் கரையில் விளைந்து செங்கடல் வழியே போனது.

காய் இல்லாத இன்னொருவரும் உண்டு. 449இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து அட்டிலாவிடம் தூது போன பிரிஸ்குஸ், ஹூண உடையில் வந்த ஒருவர் தன்னைக் கிரேக்கத்தில் நலம் விசாரித்ததை எழுதியிருக்கிறார். டான்யூப் கரையில் வியாபாரியாக இருந்து சிறைப்பட்டவர், போரில் உழைத்து விடுதலை பெற்று, அங்கேயே மணம் முடித்துப் பிள்ளைகளோடு இருப்பவர். ரோமின் வரியும் பணம் இல்லாதவனுக்குத் திறக்காத அதன் நீதிமன்றமும் வேண்டாம், இங்கே நிம்மதி என்கிறார். பிரிஸ்குஸ் ரோமச் சட்டங்களின் மேன்மையை நீளமாக எடுத்துச் சொல்கிறார். அந்த மனிதர் அழுகிறார். சட்டங்கள் நல்லவைதான், ஆள்கிறவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்கிறார். அழுதார், ஆனால் திரும்பிப் போனதாகப் பிரிஸ்குஸ் எழுதவில்லை. இந்த மனிதரை எந்த நிறக் கனசதுரமாக வைப்பது?

ஆட்டத்தை எங்கே முடிப்பது என்பதும் வடிவமைப்பாளரின் தீர்ப்புதான். பெரும்பாலும் 476. சிறுவன் ரொமுலுஸ் அகுஸ்துலுஸை ஒடோவாக்கர் பதவி நீக்குகிறார், தோற்றுவிட்டாய் என்ற திரை வருகிறது. ஒடோவாக்கரோ செனட்டைக் கலைக்கவில்லை. அவருடைய காலத்தில் கொலோசியத்தில் செனட்டர்கள் ஒவ்வொருவரும் அமரும் இடத்தில் அவரவர் பெயரைப் புதிதாகப் பொறித்தார்கள். அந்தக் கற்களில் சில இன்னும் இருக்கின்றன.