நாயகியின் சபதமும் நாயகியின் நிலமும்

தமிழில் வரலாற்று நாவல் ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்கியது. திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895இல் வெளிவந்த ‘மோகனாங்கி’யே அவ்வகையின் முதல் நூலாகக் கருதப்படுகிறது. நாயக்கர் காலத்துக் காதற் கதை அது. பெண்ணுரிமையை வற்புறுத்தித் ‘தத்தை விடு தூது’ பாடியவரே அதன் ஆசிரியர் என்பதை நோக்குமிடத்து, இவ்வகை நாவல் பெண்ணின் உள்ளவுறுதியைத் தொடக்கத்திலேயே பொருளாகக் கொண்டது எனலாம்.

அவ்வுறுதியைப் பெருவழக்காக்கியவர் கல்கி. ‘சிவகாமியின் சபத’த்தில் வாதாபி எரியவேண்டும் என்பது நாயகியின் சூள். ‘பொன்னியின் செல்வ’னில் நந்தினியின் பழியுணர்ச்சி சோழ அரசையே நடுங்க வைக்கிறது. வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்யும் தொடர்கதைக்குச் சபதம் சிறந்த உந்துவிசை. ஆயினும் அதன் பயன் யாது? வாதாபி எரிகிறது, மாமல்லர் பாண்டியகுமாரியை மணந்தவராயிருக்கிறார், சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை அர்ப்பணிக்கிறாள். நந்தினியும் நாடின்றி மறைகிறாள். கதையை நடத்தும் ஆற்றல் நாயகிக்கு உண்டு. கதை முடிவில் அவள் காலூன்ற ஒரு பிடி மண் இல்லை.

மட்டக்களப்பு மரபு இதனின் வேறுபட்டது. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ கூறும் உலகநாச்சி, கலிங்கத்திலிருந்து புத்தரின் தசனத்தைக் கூந்தலில் மறைத்துக் கொணர்ந்தவள். பௌத்த நூல்களில் இச்செயலுக்குரிய ஏமமாலை கணவனுடன் வருகிறாள். உலகநாச்சியோ தம்பியுடன் வருகிறாள். அவள் வேண்டிப் பெற்றது மணமகனையன்று, நிலத்தை. காடழித்துக் குடியேற்றிய அந்நிலமே மண்முனை. தேற்றாத்தீவு அடங்கும் பிரதேசம் இன்றும் மண்முனை தென் எருவில் பற்று என்றே வழங்குகிறது.

இக்கதை வரலாற்று உண்மையா என்பது வேறு ஆய்வு. தாய்வழிக் குடிமுறை நிலவும், வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் சேரும் ஒரு சமூகம், தன் முதல்வியை நிலமுடையாளாகக் கற்பனை செய்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. எனினும் உடைமை வேறு, ஆட்சி வேறு. குடி தாய்வழி வந்தாலும், கோயிலில் அக்குடியின் சார்பில் வண்ணக்கராக அமர்பவர் ஆடவரே. இம்முரணை மறைப்பது பழமை பாராட்டலாகும்.

நல்ல வரலாற்று நாவல் பிறக்கவேண்டிய இடம் இம்முரணே. உலகநாச்சியை எழுதப் புகுவோர் அவளுக்கு ஒரு காதலனையும் ஒரு சபதத்தையும் சேர்த்துவிட்டால், சிவகாமியின் நிழலொன்றே எஞ்சும். மன்னனிடம் நிலம் கேட்ட பெண் அதை எவ்வாறு காத்தாள், யாருடன் பகிர்ந்தாள், அவளுடைய வழித்தோன்றல்களுக்கு அதில் எவ்வளவு அதிகாரம் எஞ்சியது என்னும் வினாக்களை எழுப்பும் நாவலே, மோகனாங்கியின் ஆசிரியர் தொடங்கிவைத்த பணியை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லும்.