பேசாமல் இருக்கத் தெரிந்த கதவு

போனைப் பையிலிருந்து எடுக்காமலே திறந்துகொள்ளும் அலுவலகக் கதவு, ஒரு கையில் ஃபைலும் மறுகையில் டிபன் கேரியருமாக வருபவருக்குப் பெரிய வசதி. ஆனால் திறப்பது சுலபம். திறக்கக் கூடாத நேரத்தில் பேசாமல் இருப்பதுதான் கடினம். கதவோரம் பொருத்திய ரீடரும் போனும் புளூடூத்தில் பேசிக்கொள்கின்றன. சிக்னலின் பலத்தை வைத்துத் தூரத்தைக் கணிப்பது பழைய முறை. போன் பின்பாக்கெட்டில் இருந்தால் உடம்பிலுள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடும். வாசலில் நிற்பவர் எங்கோ தள்ளி நிற்பதாக ரீடர் கணக்குப் போடும். அதற்காக உணர்திறனைக் கூட்டினால், வராந்தாவில் சும்மா நடந்து போகிறவருக்கெல்லாம் கதவு திறக்கும்.

இதை ஏமாற்ற முடியாதா என்ற கேள்வி நியாயமானது. 2022இல் என்சிசி குரூப் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தொலைவிலுள்ள போனின் புளூடூத் சிக்னலை நடுவில் கடத்திக் காரையும் வீட்டுப் பூட்டையும் திறந்து காட்டினார்கள். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ நுட்பம் இதற்குத் தரும் பதில் அழகானது: பலத்தை விட்டு, அலை போய்வரும் நேரத்தை அளக்கிறது. ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் சுமார் 30 செ.மீ. செல்லும், சிக்னலை வாங்கிக் கடத்துவதால் தாமதம் கூடுமே தவிரக் குறையாது. சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்பார்கள். மாற்றாக ஒரு கார்டு போதும். வருகைப் பதிவு பற்றிய அச்சம் இன்னும் வலுவானது. கார்டைக் காட்டியவருக்குத் தான் பதிவானது தெரியும், இங்கே தெரியாது. எனவே எதைப் பதிகிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லிவிட்டால், நானோ நொடியை அளந்து ஆளை நிறுத்தாமல் அனுப்பும் இந்தக் கதவைத் தாராளமாகப் பாராட்டலாம்.